தேதி முடியாத ஃபில்டர்

தம்பி,

நேற்று மதியம் சாப்பாடு ஆனதும், புதுப் பையிலிருந்து அந்தக் கேஸ் மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாயே, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா போனில் படம் பிடித்தார். எதிர்வீட்டுக் குழந்தை மட்டும் வீறிட்டு அழுதது. சமாதானப்படுத்தலாம் என்று நீ அதைத் தூக்கப் போக, அது இன்னும் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. நான் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். நீ பின்னாலேயே வந்தாய். மாஸ்க்கைக் கழற்றாமலே, "இன்னாமா, மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீற? நான் தூத்துக்குடிக்குப் போறது உனுக்குப் புடிக்கலியா?" என்று கேட்டாய். உன் குரல் ஏதோ பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. நீ விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த ரப்பர் வால்வு டக், டக் என்று அடித்துக்கொண்டது. நான் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அந்த டக் டக்கை நான் இதற்கு முன்பு கேட்ட நாளைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை.

நேரில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிமா, சரிமா" என்பாய். அதனால் எழுதுகிறேன். உன் பையில் சட்டைகளுக்கு நடுவே வைத்துவிடுகிறேன், ரயிலில் படித்துக்கொள். உன்னோடு வேலைக்குச் சேரும் மற்ற பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு. யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

நீ போகிற வேலை எனக்குப் புதிதில்லை. கப்பலில் ஏற்றுகிற தானியத்துக்குப் பூச்சி விழாமல் மருந்து வைக்கிற கம்பெனி என்றாய். நான் உத்திரமேரூருக்கு வெளியே, ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த தனியார் நெல் குடோனுக்குப் பொறுப்பாக இருந்தவள். சாவி என் இடுப்பில்தான் இருக்கும். அங்கேயும் அதே மருந்துதான். பார்க்கச் சாதாரண மாத்திரை. ஈரக்காற்று பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக விஷக்காற்றாக மாறும். புகை வராது, நிறம் தெரியாது. மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைத்தால் அதற்கு அட்டி என்று பேர். ஒவ்வொரு அட்டியையும் பெரிய பிளாஸ்டிக் படுதாவால் மூடி, உள்ளே மாத்திரைகளை வைத்து, படுதாவின் ஓரம் முழுக்க நீளநீளமான மணல் பைகளை வைத்து அழுத்தி, கதவைப் பூட்டி, மண்டையோடு படம் போட்ட அட்டையை ஒட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அப்புறம் ஒரு வாரத்துக்கு யாரும் கிட்டே போகக் கூடாது.

அந்த ஒரு வாரம் குடோனின் சத்தமே மாறிவிடும். மற்ற நாட்களில் கூரைச் சந்தில் குருவிகள் கத்திக்கொண்டிருக்கும், மூட்டைக்கடியில் எலி ஓடும், பல்லி சொல்லும். காதை வைத்துக் கேட்டால் நெல்லுக்குள் வண்டு அரிக்கிற சத்தம்கூட மெலிதாகக் கேட்கும். மருந்து வைத்தபிறகு ஒவ்வொன்றாக நின்றுபோகும். எதுவும் கத்தி ஓய்வதில்லை, சும்மா நின்றுபோகும். கதவின் கண்ணாடித் துண்டு வழியாகப் பார்த்தால், எங்கிருந்தோ வரும் காற்றுக்குப் படுதா மெல்ல எழும்பி மெல்ல அடங்கும். அதற்கடியில் யாரோ மல்லாந்து படுத்துத் தூங்குவதுபோல இருக்கும். திறந்து காற்றாடவிட்டபிறகு மஞ்சுளாவும் அவள் தங்கை சரசுவும் பெருக்குவார்கள். செத்த வண்டுகளைச் சாக்குக் கணக்கில் வாருவார்கள். ஒன்றிரண்டு மைனாவும் கிடக்கும், கண் திறந்தபடி, இறகு கலையாமல்.

மருந்து வைக்க வருகிறவர் ஏழுமலை. தென்னேரிப் பக்கத்துக்காரர், ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை செய்தார். எப்போது வந்தாலும் வீட்டு மரத்துக் கொய்யாப்பழம் ஒரு பை கொண்டுவருவார். வாய் ஓயாது. மாஸ்க் போட்டபிறகுதான் அவருக்குப் பேச்சு நிற்கும் என்று மஞ்சுளா கிண்டல் செய்வாள். நீ அப்போது காஞ்சிபுரத்தில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாய். "குடோன்ல ஒருத்தருக்கு கேஸ் அடிச்சிடுச்சி, ஆஸ்பத்திரில சேத்துகீது" என்று போனில் அப்பா சொன்னது மட்டும்தான் உனக்குத் தெரியும்.

அன்றைக்கு நடந்தது இதுதான்.

நாலைந்து நாளாக மழை. அன்று காலையிலும் தூறிக்கொண்டுதான் இருந்தது, வெளிச்சமே சரியாக வரவில்லை. மருந்து வைத்த வாரம் முடிந்து குடோனைத் திறக்க வேண்டிய நாள். வழக்கமாக ஏழுமலையோடு இன்னொரு ஆளும் வருவார். முன்கதவையும் பின்கதவையும் திறந்துவிட்டு, படுதாவை நீக்கி, நாள் முழுக்கக் காற்றாட விடுவார்கள். அன்று அந்த இன்னொரு ஆள் கொழுந்தியா வளைகாப்புக்குப் போய்விட்டார். பின்கதவு மழையில் துருவேறி அசையவே இல்லை. லோடு ஏற்ற லாரி வருகிறது, தனியாகவே திறந்துவிடு என்று கான்ட்ராக்டர் போனில் சொல்லிவிட்டாராம். ஏழுமலை முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு, மாஸ்க்கை எடுத்துவர கேட்டருகே நிறுத்தியிருந்த வண்டிக்கு வந்தார். நானும் மஞ்சுளாவும் எடைமேடைத் தகரக் கொட்டகையில் நின்றிருந்தோம். சரசு தன் அக்கா மஞ்சுளாவோடுதான் காலையில் வந்தாள், பச்சைப் புடவை கட்டியிருந்தாள். அவள் குடோனுக்குப் பின்பக்கம் போனதைப் பார்த்தோம். அப்புறம் காணவில்லை. வந்துவிடுவாள் என்று இருந்துவிட்டோம்.

மஞ்சுளா மாஸ்க்கை எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, டால்டா டப்பா மாரி கீது. இது நெஜமாவே காத்த வடி கட்டுமா?" என்றாள். ஏழுமலை மாஸ்க் முன்னால் திருகியிருந்த ஃபில்டர் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். "தேதிய பாரு. இன்னும் ரெண்டு வருசம் கெடக்குது. நான் செத்தாலும் இது சாவாது." மூன்று பேரும் சிரித்தோம். நானும் பார்த்தேன், தேதி தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. எனக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது.

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பேச்சுக்குரல் கேட்டது. மாஸ்க்குக்குள்ளிருந்து வருகிற மந்தமான குரல். வார்த்தை புரியவில்லை. கேட்பதும் பதில் சொல்வதுமாக, இடைவெளி விட்டுவிட்டு, ரொம்ப அன்பாகப் பேசுகிற மாதிரி இருந்தது. "கஸ்தூரியக்கா கூட போன்ல பேசிக்கினு கீறாரு போல" என்றாள் மஞ்சுளா. கஸ்தூரி அவர் பெண்டாட்டி. மாஸ்க் போட்டுக்கொண்டு எப்படிப் போன் பேசுவார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தூறல் வலுத்து, விட்டு, மறுபடி வலுத்தது. லாரி டிரைவர் போன் பண்ணி வழி கேட்டார். நான் விளக்கமாக வழி சொல்லி முடித்தேன். அதற்கும் பிறகுதான் ஏழுமலை வெளியே வந்தார்.

மாஸ்க்கைக் கழற்றி நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டு சிரித்தார். முகம் வெளிறி, வியர்வை வழிந்துகொண்டிருந்தது. "நேரா போயி நேரா வந்துட்டேன் யக்கா, ரெண்டு நிமிசம் கூட ஆவல. மொதல்ல லேசா பூண்டு வாசன வந்துச்சு. அப்பறம் அதுவும் நின்னுடுச்சி. சுத்தமா கீது."

அந்தக் காற்றுக்குப் பூண்டு நசுக்கிய மாதிரி ஒரு வாடை உண்டு. மாஸ்க் சரியாக இருந்தால் அது உள்ளே வரவே கூடாது. "மாஸ்க் போட்டுக்கினு கீறப்ப வாசன எப்படி வரும் ஏழுமலை?" என்று கேட்டேன். அவர் நான் கேட்டதையே கவனிக்கவில்லை. குடோன் கதவைத் திரும்பிப் பார்த்தபடி சொன்னார்:

"உள்ள ஒரு அம்மா உக்காந்துகினு கீது யக்கா. மூணாவது அட்டியாண்ட. எயுந்து வாம்மான்னா வர மாட்டேங்குது. நான் போயி கையப் புடிச்சி இட்டாறேன்."

நான் மஞ்சுளாவின் முகத்தைப் பார்த்தேன். அவள்தான் கேட்டாள். "இன்னா கலரு பொடவண்ணா?"

"பச்ச."

"சரசா? நம்ப சரசாண்ணா?"

"மூஞ்சி தெரில மஞ்சுளா. அந்தாண்ட திரும்பிக்கினு கீது."

அவர் வண்டிக்கு வந்துபோன நேரத்தில் கதவு திறந்தே கிடந்தது. மழைக்கு ஒதுங்க யார் வேண்டுமானாலும் உள்ளே போயிருக்கலாம். மஞ்சுளா "சரசு! அடியே சரசு!" என்று கத்திக்கொண்டே கதவை நோக்கி ஓடினாள். ஏழுமலை மாஸ்க்கை முகத்தில் இறக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார். நடை நேராக இல்லை. ஆனால் அவசரமும் இல்லை, விருந்தாளியை அழைத்துவரப் போகிறவர்போலப் போனார். அந்த வால்வு டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

நான் எப்படி அவ்வளவு வேகமாக ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. மஞ்சுளாவை முந்திப்போய்க் கதவை இழுத்துச் சாத்தினேன். பூட்டைப் போட்டேன். சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டேன்.

தம்பி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததால் பூட்டினேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சரசு உள்ளே இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். மாஸ்க் போட்டவருக்கே உள்ளே வாடை வந்து, பிறகு நின்றிருக்கிறது என்றால், நின்றது காற்றில்லை, அவர் மூக்குதான் என்று எனக்குப் பட்டது. அந்த மாஸ்க்கோடு அவர் மறுபடி போனால் வர மாட்டார். மாஸ்க்கே இல்லாமல் மஞ்சுளா போனால் அவளும் வர மாட்டாள். உள்ளே ஒருத்தி இருந்தால் மூன்று பேர் ஆகிவிடும். யாருமே இல்லாவிட்டாலும் இரண்டு பேர். அவ்வளவுதான் என் மனதில் ஓடியது. "யாரும் உள்ள போவக் கூடாது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மஞ்சுளா என் கையைப் பிராண்டினாள். மணிக்கட்டில் இருக்கும் கோடுகளைப் பார்த்து, பூனை பிராண்டியது என்று நான் உனக்குச் சொன்னேனே, அவை அவள் நகம் பட்டவை. "தொற யக்கா. என் தங்கச்சி உள்ள கீறா யக்கா. உன் வூட்டுப் புள்ளையா இருந்தா பூட்டுவியா?" என்று கத்தினாள். உன் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கையைத் திறக்கவில்லை. அப்புறம் என் காலடியிலேயே உட்கார்ந்து, கதவுக்கடியில் வாயை வைத்து உள்ளே கூப்பிட ஆரம்பித்தாள். அந்த இடுக்கிலும் காற்று வருமே என்று அவளை இடுப்பில் கைகொடுத்து இழுத்துக்கொண்டுபோய்க் கொட்டகையில் தள்ளினேன். ஒரு கையால் போனை எடுத்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னேன், அப்பாவுக்குச் சொன்னேன். மஞ்சுளா சரசுவின் நம்பரைப் போட்டுக்கொண்டே இருந்தாள். "அடிச்சிக்கினே கீது யக்கா. எடுக்க மாட்டேங்குறா. எடுக்க மாட்டேங்குறா."

நான் மறுபடி கதவருகே போய் ஒரு கணம் தகரத்தில் காதை வைத்தேன். போன் மணி உள்ளே கேட்கிறதா என்று பார்க்கத்தான். மணி கேட்கவில்லை. ஆனால் வேறு ஏதோ கேட்டது. தகரத்தில் நகத்தால் தட்டுவதுபோல, விட்டுவிட்டு. கூரை ஒழுகி மூட்டைமேல் சொட்டியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். அன்றைக்கு அப்படி நினைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை, இருந்தும் திறக்கவில்லை.

ஏழுமலை சண்டை போடவே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. மழையில் நனைந்துகொண்டு, சின்னப் பிள்ளை மிட்டாய் கேட்பதுபோலக் கையை நீட்டியபடி நின்றார். "சாவிய குடு யக்கா. பாவம் யக்கா, தனியா கீது. தோ, கூப்புடுது பாரு." நான் அவர் மாஸ்க்கைப் பிடித்து இழுத்துக் கழற்றி, கேட்டுக்கு வெளியே வீசினேன். அவர் கோபப்படவில்லை. அது விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி கதவைப் பார்த்துத் தலையசைத்தார். யாருக்கோ "இரு, வரேன்" என்று சொல்வதுபோல.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்னாலேயே ஒரு பைக் வந்து நின்றது. யாரோ ஒரு தம்பி ஓட்டிவந்தான், பின்னால் பச்சைப் புடவையில் சரசு. மடியில் அவள் பெண்குழந்தை, போர்வை சுற்றியபடி. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று. பின்பக்க வேலிச் சந்து வழியாகவே ரோட்டுக்கு ஓடி, வழியில் போனவனிடம் லிப்ட் கேட்டுப் போயிருக்கிறாள். கைப்பைக்குள் போன் அடித்தது மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லையாம். "இன்னாக்கா, எல்லாரும் ஏன் மழைல நிக்கிறீங்க?" என்றாள். மஞ்சுளா ஓடிப்போய் அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். உடனே அவளையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் கதவைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

ஏழுமலை மட்டும் சரசுவைப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, ரொம்ப நிதானமாக, "இவங்க இல்ல யக்கா. அது ஒல்லியா இருக்கும். இது சரசு, எனுக்குத் தெரியாதா? அப்ப உள்ள கீறது யாரு?" என்றார்.

அவருக்கு வாந்தி வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார்.

அதற்குள் அப்பா மினி லாரியோடு வந்துவிட்டார். ஏழுமலையைத் தூக்கிக் கிடத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும் வழியில் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினார், வீட்டுக்கே போய்விடலாம் என்றார். டாக்டர் விடவில்லை. இந்தக் காற்று முதலில் விட்டுவிட்ட மாதிரி காட்டும், நெஞ்சில் நீர் கோத்துக்கொள்வது பிறகுதான் என்றார். இதற்கு மாற்று மருந்து கிடையாது, மூச்சையும் இதயத்தையும் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றார். அவர் சொன்னபடியே அன்று மாலை மூச்சு முட்ட ஆரம்பித்தது. பல நாள் ஆக்சிஜனில் கிடந்து, ஏழுமலை பிழைத்தார்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பின்னால் தீயணைப்புக்காரர்கள் முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தார்களாம். யாரும் இல்லை. விஷக்காற்றை அளக்கக் கையில் கொண்டுபோன மீட்டர் அலறியதாம். குடோன் முழுக்கக் காற்றாடி, மீட்டர் சரி என்று காட்டியபிறகு, ஒரு நாள் பட்டப்பகலில் நானும் மஞ்சுளாவும் உள்ளே போனோம். தரையில் உமித்தூசியும் செத்த வண்டும் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது, அதில் காலடிகள் அப்படியே பதிந்திருந்தன. தீயணைப்பு ஆட்களின் பூட்ஸ் தடம் நேராகப் போய் நேராகத் திரும்பியிருந்தது. ஏழுமலையின் ரப்பர் செருப்புத் தடம் மூன்றாவது அட்டியைச் சுற்றிச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தது. எண்ண முடியவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக மிதிபட்டுத் தரையே பளபளப்பாகி ஒரு பாதை விழுந்திருந்தது. அது முடிகிற இடத்தில் காலிச் சாக்குகள் குவிந்து கிடந்தன. அதன்மேல் அவர் தோள்துண்டு சுருக்கமில்லாமல் விரிக்கப்பட்டிருந்தது, வீட்டுக்கு வந்தவர் உட்கார விரித்துக் கொடுப்போமே அப்படி. பக்கத்துச் சாக்கில் ஒரு ஆள் ரொம்ப நேரம் உட்கார்ந்த பள்ளம். துண்டின்மேல் சுருக்கமும் இல்லை, பள்ளமும் இல்லை. மஞ்சுளா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பேசிக்கொண்டிருந்ததை நாங்கள் வெளியே நின்று கேட்டோமே, அந்த இடம் அதுதான்.

ஃபில்டருக்கு வருகிறேன். கேட்டுக்கு வெளியே நான் வீசியதைத் தீயணைப்பு அதிகாரி எடுத்து வைத்திருந்தார். கான்ட்ராக்டர் ஆள் வந்து, "தேதி கீது சார். எங்க மேல தப்பில்ல" என்றான். அதிகாரி, "தேதி கிடக்கட்டும். இதோட சீலை எப்பப் பிரிச்சீங்க?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கஸ்தூரிதான் சொன்னாள். போன அறுவடைக்கே மூடியைப் பிரித்தாராம். அன்றிலிருந்து மாஸ்க்கோடு சேர்த்துச் சமையல் ரூம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். "ராவுல எயுந்தா அது என்னையே பாக்கற மாரி இருக்கும் யக்கா. துணி போட்டு மூடி வைப்பேன்" என்றாள். அந்த டப்பாவுக்குள் இருப்பது மருந்தேற்றிய கரி. சீல் பிரித்த நிமிஷத்திலிருந்து அது காற்றைக் குடிக்க ஆரம்பித்துவிடும். ஈரத்தைக் குடிக்கும், அடுப்புப் புகையைக் குடிக்கும், தாளிக்கிற வாடையைக் குடிக்கும். யாரும் போட்டுக்கொள்ளாமல் ஆணியில் தொங்கினாலும் அது தன் பாட்டுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேல் அச்சடித்த தேதி, சீல் பிரிக்காமல் காய்ந்த இடத்தில் வைத்திருந்தால் மட்டும்தான். பிரித்துவிட்டால் அந்தத் தேதிக்கு அர்த்தமே இல்லை. பிரித்தபிறகு எத்தனை மாதம் என்று செய்தவர்கள் தனியாகப் போட்டிருப்பார்கள், அது ரொம்பக் குறைவு. காற்றில் மருந்து நிறைய இருந்தால் மாதக் கணக்கும் கிடையாது, ஒரே வேலையில் தீர்ந்துபோகும். தீர்ந்துபோனதும் புதியதும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எடை தெரியாது. ஊதிப் பார்த்தால் காற்று நன்றாகவே போகும்.

உன் மாஸ்க்கை, நீ கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். கோபப்படாதே. ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த பட்டாளத்து மாஸ்க் என்று பெருமையாகச் சொன்னாய். முகத்தில் மாட்டிக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன். உள்ளே பழைய ரப்பர் வாடைக்கு அடியில் சந்தனப் பவுடர் வாடை வந்தது. நம் வீட்டில் யாரும் சந்தனப் பவுடர் போடுவதில்லை. யாரோ ஒருத்தர் முகம் அதில் ரொம்ப நாள் இருந்திருக்கிறது. தாடைப் பக்கம் ரப்பர் வெடித்திருக்கிறது. ஃபில்டருக்கு மூடியும் இல்லை, சீலும் இல்லை, எந்தக் காற்றுக்கானது என்று ஒரு எழுத்தும் இல்லை. சில பழைய பட்டாளத்து ஃபில்டர்களில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், அடைத்திருப்பார்கள் என்றும் அந்தத் தீயணைப்பு அதிகாரி சொல்லியிருக்கிறார். வாங்குகிற மூச்சோடு அதுவும் நெஞ்சுக்குள் போகும். அதை நான் எடுத்து வைத்துவிட்டேன். பையில் தேடாதே.

கம்பெனியில் கேட்டு வாங்கு. உன் கண் முன்னால் சீல் பிரிக்கச் சொல். பிரித்த தேதியை அழியாத மையில் டப்பாமேல் நீயே எழுது. எழுதாத ஃபில்டரை யார் கொடுத்தாலும் தொடாதே. நீங்கள் வைக்கும் மருந்துக்கு உண்டான ஃபில்டர்தானா என்று பார். பெயிண்ட் அடிப்பவர் போடுவது உனக்கு ஆகாது. மாட்டியபிறகு ஃபில்டர் வாயை உள்ளங்கையால் மூடி மூச்சை இழு, மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உனக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தத் தாடியை எடுத்துவிடு. மயிர் இடுக்கில் காற்று தாராளமாக நுழையும். முக்கியமாக, ஃபில்டர் காற்றை வடிகட்டும், காற்றை உண்டாக்காது. மூடிக்கிடக்கும் கப்பல் அறைக்குள் மூச்சுவிடக் காற்றே இல்லாமல் போயிருக்கும், அல்லது எந்த ஃபில்டரும் தாங்காத அளவு மருந்து நிரம்பியிருக்கும். அங்கே போக முதுகில் சிலிண்டர் வேண்டும், வெளியே ஆள் வேண்டும், மீட்டர் வேண்டும். இல்லையென்றால் போகாதே. வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா. உன் மூக்கை மட்டும் நம்பிவிடாதே.

ஏழுமலை இப்போது மருந்து வேலைக்குப் போவதில்லை. கொஞ்ச தூரம் நடந்தாலும் இளைக்கிறது. போன வாரம், நீ நண்பர்களைப் பார்க்கப் போயிருந்த அன்று, கொய்யாப்பழப் பையோடு வந்தார். எப்போது வந்தாலும் ஒன்று கேட்பார், அன்றைக்கும் கேட்டார். "அந்தம்மா வெளிய வந்துச்சா யக்கா?" முதலில் எல்லாம் நான், உள்ளே யாருமே இல்லை ஏழுமலை, அது கேஸ் செய்த வேலை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொள்வார். ஆனால் முகம் வாடிப்போகும், சாப்பிடாமல் கிளம்பிவிடுவார். அதனால் இப்போதெல்லாம், "வந்துட்டாங்க ஏழுமலை. பஸ் ஏறி வூட்டுக்குப் போயிட்டாங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

அன்று அதைச் சொன்னதும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நல்ல வேள யக்கா. நான் எவ்ளோ கூப்ட்டேன். எயுந்தே வரல அது. என்னையும் விடல. 'வெளிய மழ பெய்யுது, ஏன் போற? உக்காருப்பா. இங்க நல்லா காத்து வருது'ன்னுச்சு."

தம்பி, உன் வேலையில் என்றைக்காவது, எந்தக் கப்பலின் அடியிலாவது, யாராவது அவ்வளவு அன்பாக உன்னை உட்காரச் சொன்னால், திரும்பி முகத்தைப் பார்க்காதே. ஏணியைப் பிடித்து மேலே ஏறி வா. ஏறி வந்து எனக்கு ஒரு போன் பண்ணு.

இப்படிக்கு,
அம்மா